தங்கப் பல்லுக்குக் கீழே

கிஷினாவ் ஆஸ்பத்திரி
2 செப்டம்பர் 1984

ஹரலம்பிக்கு,

நீ வர வேண்டாம். வார்டில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்து, கதவைப் பூட்டிவிட்டார்கள். வெளியாட்கள் யாரும் மேலே வரக் கூடாது. கீழே வாசல்காரியிடம் கொடுத்தால் கடிதமும் சாப்பாடும் மட்டும் எங்களுக்கு வரும். பஸ் ஓட்டும் சவ்வாவிடம் கொடுத்தனுப்பு. தபாலை நம்பாதே.

இதய டாக்டர் நாள் குறித்துவிட்டார், பதினேழாம் தேதி. சின்ன வயதில் எனக்கு வந்த மூட்டுக் காய்ச்சலில் இதயத்தின் உள்கதவு ஒன்று கெட்டுவிட்டதாம். அது சரியாக மூடாததால் போன ரத்தம் திரும்பி வருகிறதாம். அதை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் புதிதாக ஒன்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த வசந்தத்தில் நீ தனியாகத்தான் திராட்சைக் கொடியைக் கட்டுவாய் என்பதை வேறு வார்த்தைகளில் சொன்னார்.

ஆனால் அதற்கு முன்னால் பல் டாக்டர் சம்மதிக்க வேண்டுமாம். எல்வீரா என்று பெயர், முப்பது வயது இருக்கும். மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டாள். கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வாயெல்லாம் ரத்தம். பிறகு, என் மேல்வரிசைத் தங்கப் பல் ஆறையும் கழற்றியே ஆக வேண்டும், கீழே இருப்பது எல்லாம் அழுகியிருக்கிறது, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி மற்ற ஈறுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தால்தான் நெஞ்சைத் திறப்பார்கள் என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். நெஞ்சு நோவுக்கு வந்தவளிடம் பல்லைக் கேட்கிறார்கள். அதுவும் தங்கப் பல்லை. அது என் அம்மா தன் தோட்டையும் மோதிரத்தையும் உருக்கி, கல்யாணத்துக்கு என் பற்களின் மேல் மூடியாகப் போட்டது. நீ என்ன சொல்கிறாய்? உடனே எழுது. வேடிக்கை வேண்டாம்.

அக்சினியா


வாலேனி
4 செப்டம்பர்

என் வாயாடி மகராசிக்கு,

நலம். மாடு நலம், பன்றி என்னைவிட நலம். வெள்ளைப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பிளச்சிந்தா ரொட்டி நாலு அனுப்பியிருக்கிறேன். ஓரம் கருகியிருக்கும். அடுப்பின் மேல் பழி போடு, என் மேல் போடாதே.

முப்பது வருடமாக உன் வாயை மூட வைக்க நான் படாத பாடு பட்டேன். அந்தப் பெண் ஒரே ஒரு கம்பியை வைத்து மூட வைத்துவிட்டாளே! அவளுக்கு ஒரு குடம் வைன் அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் விஷயம் தங்கம் என்றதும் குடத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

வேடிக்கையை விட்டுச் சொல்கிறேன். வாயைத் திறக்காதே. பம்ஃபிலின் பெண்டாட்டி போன வருடம் வயிற்று நோவு என்று நகரத்துக்குப் போனாள். வாயில் தங்கம் பளபளக்கப் போனவள் திரும்பி வரும்போது வாயில் இரும்பு. பம்ஃபில் என்னிடம், “அவ திட்டுறப்ப வாளி உருள்ற மாதிரி இருக்குடா” என்றான். தங்கம் யார் பையில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தங்கத்துக்குத் துரு பிடிக்காது, அழுக்கு ஒட்டாது. அதன் கீழே இருப்பதும் அப்படியேதான் இருக்கும். நம் ஊரில் யாருக்குப் பல் ஆடுகிறது? தங்கம் போட வழி இல்லாதவர்களுக்கு. உன் ஆறும் ஒன்றாகப் பற்ற வைத்தது, சுவர் மாதிரி நிற்கிறது. அழுகின பல் அப்படி நிற்குமா? ஈறில் ரத்தம் வந்தால் தொடாமல் விட வேண்டும், பிளம் சாராயத்தை ஒரு வாய் வைத்துக் கொப்பளிக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் படிப்பு அதிகமாகிவிட்டது.

பண்ணையில் பெரிய வைன் பீப்பாயைக் கழுவ ஆரம்பித்துவிட்டோம். நாள் முழுதும் உள்ளே உட்கார்ந்து தேய்க்கிறேன். நீ இல்லாத வீட்டைவிட அங்கே சத்தம் அதிகம்.

ஹரலம்பி


கிஷினாவ்
9 செப்டம்பர்

ஹரலம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன்.

எல்வீரா இரண்டாவது முறை வந்தாள். இந்த முறை கட்டிலில் உட்கார்ந்து பேசினாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீயே படித்துப் பார்.

“அக்கா, உங்க கையில இந்த அளவுக்கு ஒரு புண்ணு இருந்தா சும்மா இருப்பீங்களா?” என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

“என் கையில ஒண்ணும் இல்லயே.”

“வாயில இருக்கு. ஒவ்வொரு பல்லைச் சுத்தியும் ஈறுக்கு உள்பக்கம் புண்ணு. எல்லாத்தையும் சேத்து விரிச்சா இவ்வளவு வரும். ஈறுக்குள்ள மறைஞ்சிருக்கிறதால கண்ணுக்குத் தெரியல. வலிக்கவும் இல்ல.”

“வலிக்காததுக்கு வைத்தியம் எதுக்கு?”

“நீங்க ரொட்டி மெல்லும்போதெல்லாம் அந்தப் புண்ணு வழியா கிருமி ரத்தத்துல இறங்குது. நல்ல நெஞ்சா இருந்தா அத அடிச்சுத் துரத்திடும். உங்க நெஞ்சுல ஏற்கனவே பிஞ்சுபோன கதவு. கிருமி அங்க போய்க் கூடு கட்டிக்கும். புதுக் கதவு வெச்சாலும் அதுலயும் கட்டும். ஏப்ரல்லேர்ந்து உங்களுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வருதே, அது எங்கேர்ந்து வருதுன்னு நினைக்கிறீங்க?”

“வாய் எங்க, நெஞ்சு எங்க? எனக்குத் தங்கத்தக் குடுக்க இஷ்டம் இல்ல. அவ்வளவுதான்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்விட்டாள். பிறகு இதய டாக்டர் வந்து கத்தினார். பதினேழாம் தேதியை ஒரு மாவு மில்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் முந்தின வாரமே ஈறு சுத்தம் செய்துகொண்டாராம்.

பக்கத்துக் கட்டில் தெக்லா என்னைப் பைத்தியம் என்கிறாள். அவளுக்குத் தங்கம் இல்லை, அதனால் சுலபமாகப் பேசுகிறாள்.

நேற்று மாலையிலிருந்து மறுபடி காய்ச்சல். குளிரில் கட்டிலே ஆடியது. நான் செய்தது சரி என்று எழுது.

அக்சினியா


வாலேனி
13 செப்டம்பர்

அக்சினியா,

சரி என்று எழுதத்தான் முதலில் தாளை எடுத்தேன். ‘சரி’ என்ற வார்த்தையையும் எழுதினேன். பிறகு காய்ச்சல் என்று நீ எழுதியதைத் திரும்பப் படித்தேன். தாளைக் கிழித்துவிட்டு, சந்தை நாளில் மெலந்தியைப் பார்க்கப் போனேன். உன் ஆறையும் பற்ற வைத்தவன் அவன்தானே. கழற்றினால் திரும்ப மாட்ட முடியுமா, டாக்டர் ஏமாற்றினால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கத்தான் போனேன்.

கேட்டு முடிப்பதற்குள் அவன், “உன்னுதையும் பாப்போம், திற” என்றான். என் கடைவாயில் ஒற்றைத் தங்க மூடி இருக்கிறதல்லவா, கூட்டுப்பண்ணை பரிசு கொடுத்த வருடம் போட்டது.

“என்னுது கல்லு மாதிரி இருக்கு, மெலந்தி அண்ணே.”

“கல்லறைக்கு ஆகும். திறடா.”

சின்னக் கொக்கி ஒன்றை மாட்டி இழுத்தான். அக்சினியா, மூடி மட்டும் வரவில்லை. பல்லும் கூடவே வந்துவிட்டது, வெந்த உருளைக்கிழங்கிலிருந்து தோல் கழன்று வருகிற மாதிரி. வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெளியே தங்கம் பளபளக்கிறது, உள்ளே தார் மாதிரி கறுப்பு, வேரெல்லாம் சீழ். நாற்றம் எப்படி என்றால், அடுப்படியில் தூங்கிய அவன் பூனை எழுந்து வெளியே போய்விட்டது. பூனை!

“இது எத்தன வருஷமா இப்படி இருக்கு?” என்றேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? மூடி போடுறதுதான் என் வேலை. போட்ட மூடிய எடுத்துப் பாருன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் வந்ததில்ல.”

“அக்சினியாவோடது ஆடவே இல்லையே?”

“எப்படி ஆடும்? ஆறையும் ஒண்ணாப் பத்த வெச்சிருக்கேன். ஒண்ணு ஆடினா மத்த அஞ்சும் பிடிச்சுக்கும். ஆறும் ஆடினா ஒண்ணையொண்ணு தாங்கிட்டு நிக்கும். கீழ எலும்பு கரைஞ்சு போனாக்கூட உங்களுக்குத் தெரியாது.”

என்னைக் கேட்டால், இதை அவனிடம் போய்க் கேட்காமலே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். எத்தனை பீப்பாய்க்குள் இறங்கியிருக்கிறேன்! வெளியே இரும்பு வளையம் மின்னும், தட்டினால் கணீரென்று இருக்கும், உள்ளே பலகை இடுக்கில் பூஞ்சை. அதைத் தேய்க்காமல் புது வைனை ஊற்றினால் பத்து நாளில் காடி. ஊற்றின முட்டாளை நானே எத்தனை முறை திட்டியிருக்கிறேன். அந்த டாக்டர்கள் உன் நெஞ்சுக்குள் புதுக் கதவை வைப்பதற்கு முன்னால் பீப்பாயைத் தேய்க்கச் சொல்கிறார்கள். நான் வளையத்தைப் பார்த்துக்கொண்டு, பத்திரம் பத்திரம் என்று உனக்கு எழுதிவிட்டேன்.

வாயைத் திற. தங்கம் போனால் போகட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த நிமிடமே அந்தப் பெண்ணைக் கூப்பிடு.

ஹரலம்பி


கிஷினாவ்
16 செப்டம்பர்

ஹரலம்பி,

உன்னிடம் பேசியது யார்? சவ்வாவா? இல்லை, அந்த எல்வீரா ஊருக்கே ஆள் அனுப்பினாளா?

முதலில் மூடு என்றாய். மூடினேன். வார்டு முழுதும் என்னைக் கஞ்சப் பேய் என்று சொன்னபோதும் மூடிக்கொண்டிருந்தேன். இப்போது திற என்கிறாய். நடுவில் ஒரு பூனைக் கதை. எல்லாவற்றுக்கும் உன்னிடம் ஒரு கதை இருக்கும். என் அம்மாவின் சாவுக்கு வந்தவர்களையும் கதை சொல்லிச் சிரிக்க வைத்தவன் நீ. நான் எதை நம்புவது? நீ சிரிக்க வைக்கிறாயா, உண்மையைச் சொல்கிறாயா என்று இந்த முப்பது வருடத்தில் ஒரு தடவையாவது எனக்குத் தெரிந்திருக்கிறதா?

உன் பல் அழுகினால் என் பல் அழுகவேண்டுமா? உனக்குப் போட்டது பரிசுத் தங்கம். எனக்குப் போட்டது அம்மாவுடையது.

காய்ச்சல் இறங்கவில்லை. கால் வீங்கிவிட்டது, செருப்பு ஏறவில்லை. என் சம்மதத்துக்கு மாத முடிவுவரை காத்திருப்பதாகவும், அதற்குள் வாயைச் சுத்தம் செய்ய ஆரம்பிக்காவிட்டால் பிறகு கத்தி வைத்தாலும் என் நெஞ்சு தாங்காது என்றும் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எழுத்து கோணலாக இருக்கும். கோபத்தினால் என்று நினைத்துக்கொள்.

இனிமேல் எனக்குக் கதை எழுதாதே.

அக்சினியா


வாலேனி
18 செப்டம்பர்

அக்சினியா,

கதை எழுதவில்லை.

சவ்வா கொடுக்கும் கடுகு பாட்டிலுக்குள் என் தங்க மூடி இருக்கிறது, பல்லோடு. மெலந்தி பிடுங்கியதிலிருந்து நான் அதைக் கழுவவில்லை. துடைக்கவும் இல்லை. பாட்டிலைத் திருகித் திறந்து மோந்து பார்.

பீப்பாய் நல்லதா கெட்டதா என்று நான் பலகையைப் பார்த்துச் சொல்வதில்லை. மூக்கை வைத்துத்தான் சொல்வேன். நீயும் அப்படியே செய். யார் பேச்சையும் கேட்க வேண்டாம், என் பேச்சையும்.

மோந்த பிறகும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன் என்று நீ சொன்னால், நான் வந்து அந்தப் பூட்டை உடைத்து உன்னை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறேன். இருக்கிற நாளை நம் அடுப்புக்குப் பக்கத்தில் கழிக்கலாம். அதற்கும் நான் தயார். ஆனால் மோந்து பார்த்துவிட்டுச் சொல்.

ஹரலம்பி


கிஷினாவ்
27 செப்டம்பர்

ஹரலம்பிக்கு,

மோந்தேன்.

தெக்லா முதலில் கடுகு என்று நினைத்துச் சந்தோஷமாகக் கையை நீட்டினாள். திறந்ததும், “ஐயையோ, எந்தச் செத்த எலிய உன் புருஷன் அனுப்பியிருக்கான்?” என்று போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள்.

எனக்கு அது புது நாற்றமாக இல்லை. அதைத்தான் உனக்கு எழுத வேண்டும். காலையில் எழும்போது என் தலையணையில் இருக்கும் நாற்றம் அது. என் கைக்குட்டையில் இருப்பது. தேநீர் குடித்த கோப்பையில் இருப்பது. எத்தனையோ வருடமாக அதை மருந்து நாற்றம், வயிற்று நாற்றம், வயதான நாற்றம் என்று நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. நீ ரொம்ப வருடமாகச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறாய். இவனுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, கேட்டால் அதற்கும் ஒரு வேடிக்கை சொல்வான் என்று நான் கேட்கவே இல்லை. உனக்கு மூக்கு உண்டு என்பதை மறந்துவிட்டேன்.

எல்வீராவைக் கூப்பிட்டேன். பாட்டிலைக் கையில் கொடுத்தேன். அவள் உள்ளே பார்த்துவிட்டு, “இவருக்கும் ஈறு சுத்தம் செய்யணும், சீக்கிரம் வரச் சொல்லுங்க” என்றாள். வேறு ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் ஊசியில் பெனிசிலின் ஏற்றினார்கள். பிறகு தங்கத்தை அறுத்தார்கள். ஆறில் நாலு பல் அதோடு வந்துவிட்டது. இரண்டைப் பிடுங்கினார்கள். மற்றப் பற்களைச் சுற்றி, மூன்று தடவையாக, ஈறுக்குக் கீழே கல் மாதிரி ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தாள். சட்டியின் அடியைச் சுரண்டுகிற சத்தம் என் மண்டைக்குள் கேட்டது. தங்கத்தை நான் கேட்கவில்லை. அவளே தண்ணீரில் அலசி என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

காய்ச்சல் நாலாம் நாள் இறங்கியது. மருந்து இன்னும் பல வாரம் ஏற வேண்டும். அக்டோபர் இருபத்துநாலு என்று புது நாள் கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சு அதுவரை தாங்கினால்.

இப்போது வாயை மூடிக்கொள்ள எனக்குக் காரணம் இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

அக்சினியா


வாலேனி
20 அக்டோபர்

அக்சினியாவுக்கு,

சுவர்ப் பக்கம் திரும்பியது உண்மை. சொல்ல வெட்கமாக இருந்தது. பண்ணையில் எல்லோரையும் பார்த்து, உன் மூக்கு கோணல், உன் கால் வளைவு என்று கேலி செய்கிறவன், சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை மட்டும் சொந்தப் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று நினைத்தேன். என் வாயும் அதே மாதிரி நாறியிருக்கும், நீயும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மரியாதையாகவே இருந்து உன் நெஞ்சைக் கெடுத்திருக்கிறோம்.

மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுரண்டிக்கொண்டு வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அங்கிருந்த பையன் டாக்டரிடம் ஏதாவது வேடிக்கை சொல்லலாம் என்று பார்த்தேன். வாய்க்குள் அவன் கையும் இரண்டு இரும்பும் இருந்தன. முதல்முறையாக ஒருத்தன் என்னை முழுசாக ஒரு மணி நேரம் பேசவிடாமல் வைத்திருந்தான். நீ பார்த்திருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரையும் அதிகம் என்றான். ஈறு கெட்டால் சர்க்கரை இறங்காது, சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாதாம். நான் இரவெல்லாம் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து நீ முணுமுணுப்பாயே, அது இதுதானாம். இப்போது காலையும் மாலையும் பல் தேய்க்கிறேன். ரத்தம் வந்தாலும் நிறுத்தாதே, நிறுத்தினால்தான் கூடும் என்று சொல்லி அனுப்பினான். முதல் வாரம் வாளித் தண்ணீர் சிவப்பானது. இப்போது தெளிவாகவே இருக்கிறது.

உன் வார்டில் இரண்டாவது ஆளுக்கும் காமாலை என்று சவ்வா சொன்னான். பூட்டைத் திறக்க மாட்டார்கள். பரவாயில்லை. இருபத்துநாலாம் தேதி விடிவதற்கு முன்னால் கீழே முற்றத்தில் நிற்பேன். எலுமிச்சைக் கலர் வேலிக்குப் பக்கத்தில். உன்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஜன்னல் பக்கம் பார். பல் இல்லை என்று தலையைத் திருப்பிக்கொள்ளாதே. எனக்கும் ஒன்று இல்லை.

இன்னும் எழுத நிறைய வைத்திருந்தேன். வேடிக்கையாக ஒன்று ஆரம்பித்தேன், முடிக்க வரவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். அப்போதும் வரவில்லை.

வந்துவிடு.

ஹரலம்பி


கிஷினாவ்
4 நவம்பர்

ஹரலம்பிக்கு,

இன்றுதான் என்னை உட்கார வைத்தார்கள். அதனால் கொஞ்சமாகத்தான் எழுதுகிறேன். மார்பு நடுவில் பிளந்து தைத்திருக்கிறது. இருமும்போது தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்.

நீ முற்றத்தில் நின்றாயாம். எனக்குத் தெரியவில்லை, முதலிலேயே ஊசி போட்டுவிட்டார்கள். தெக்லா பார்த்திருக்கிறாள். “மழைல தொப்பியக்கூட போடாம நிக்கிறான், சிரிக்கவே இல்ல, அது உன் புருஷன்தானா?” என்று கேட்டாள். சிரிக்காத உன்னை அவளாவது பார்த்தாளே.

பழைய கதவை வெளியே எடுத்துப் பார்த்தபோது அதன் ஓரத்தில் கிருமி கட்டின கூடு இருந்ததாம், கோலிகுண்டு அளவு. எல்வீரா சொன்ன இடத்திலேயே. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் அது உடைந்து மூளைக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர். புதுக் கதவிலும் அது வரக்கூடாதென்றால், மிச்சம் இருக்கும் பற்களையும் ஈறையும் சாகும்வரை சுத்தமாக வைத்திருக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை போய்க் காட்ட வேண்டும், வாயில் யார் கை வைத்தாலும் முன்னதாக மருந்து சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன்.

உன் சர்க்கரைக்கு மருந்தைத் தவறாமல் சாப்பிடு. திராட்சை ஜாம் டப்பாவை மேலே ஒளித்து வைத்திருப்பாய். அதைப் பம்ஃபில் வீட்டுக்குக் கொடுத்துவிடு.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதுக் கதவு உலோகம். மூடும்போதெல்லாம் சத்தம் வருகிறது. பகலில் தெரியவில்லை. விளக்கை அணைத்த பிறகு டிக், டிக் என்று வார்டு முழுதும் கேட்கிறது. முதல் நாள் தெக்லா, “எவ கடிகாரத்த தலகாணிக்கு அடியில வெச்சிருக்கா?” என்று கத்தினாள். எல்லோரும் தேடினார்கள். போர்வையை விலக்கி, அது நான்தான் என்று சொன்னேன்.

டாக்டரிடம், “இந்தச் சத்தம் எப்ப நிக்கும்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “நிக்கக் கூடாதும்மா” என்றார்.

அதனால் நீதான் பழகிக்கொள்ள வேண்டும்.

அக்சினியா